முன்னால் அவ்வா ஓடுகிறாள்

எனக்கு எழுபத்தோரு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். நான்கு நான் பெற்றவை, ஒன்று என் நாத்தனார் விட்டுப்போனது. ஐந்துக்கும் ஒரே மாதிரிதான் சோறு போட்டேன், ஒரே மாதிரிதான் அடித்தேன். பேரப்பிள்ளைகள் ஒன்பது பேர். இத்தனை பேரை வைத்திருக்கிற ஒருத்தி பகல் முழுக்க யாரோடும் பேசாமல் இருக்க முடியுமா என்று கேட்டால், முடியும். பார்டரை ஒட்டின எங்கள் ஜூஜுவாடிக்கு வந்து பாருங்கள்.

நான் மூன்றாம் வகுப்புவரைதான் படித்தேன். அதனால் மெதுவாகத்தான் எழுதுவேன். நீங்களும் மெதுவாக வாசியுங்கள், எதுவும் ஓடிவிடாது. (ஓட்டத்தைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். அது வேறு.)

இருப்பது என் கடைசி மகன் வீட்டில். அவனும் மருமகளும் ஆளுக்கொரு கம்பெனி. இவன் ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து படுக்கும்போது அவள் கம்பெனி பஸ் ஏறப் போவாள். புருஷனும் பெண்டாட்டியும் வாசலில் பார்த்துச் சிரித்துக்கொண்டால் அன்றைக்கு விசேஷ நாள். பக்கத்து வீட்டில் வடக்கத்திப் பையன்கள். அவர்களும் பகலில் தூங்குகிறவர்கள். எதிர் வீடு எப்போதும் பூட்டியே இருக்கும். குக்கர் விசில் அடித்தால் "வரேன், வரேன்" என்று நான் பதில் சொல்வேன். வேறு யார் என்னைக் கூப்பிடுகிறார்கள்?

சாயந்திரம் பள்ளிக்கூடம் விட்டுப் பேத்தி கீர்த்தனா வருவாள். அப்போதுதான் எனக்குப் பொழுது விடியும். போன வருஷம் அவளுக்குப் பன்னிரண்டு வயது. பள்ளியில் யாரோ பேஸ்பால் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். கிரிக்கெட்டுக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி ஒரு ஆட்டம். மாவட்டச் சிறுமியர் அணிக்கு ஆள் எடுக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை காலையில் பாகலூர் ரோட்டு மைதானத்துக்குப் பெரியவர் ஒருவரோடு வரவேண்டும் என்று வந்து சொன்னாள். மகனுக்கும் மருமகளுக்கும் அந்த ஞாயிறு ஓவர்டைம். "கூடப் போயிட்டு வாம்மா" என்று மகன் என்னிடம் சொன்னான்.

எனக்கு அன்றிலிருந்து தூக்கமில்லை. பட்டுப்புடவையை எடுத்து வெயிலில் போட்டேன். பெரிய பேத்தி கல்யாணத்துக்கு வாங்கின செருப்பு அட்டைப்பெட்டியிலேயே இருந்தது, அதையும் எடுத்துவைத்தேன். விளையாட்டுக்குப் போகிறோமா, பெண் பார்க்கப் போகிறோமா என்று மருமகள் கேட்டாள். எதுவானாலும் நாலு பேர் பார்க்கிற இடம் என்றேன்.

அந்தக் காலையில் கீர்த்தனா எதுவும் சாப்பிடவில்லை. பாத்ரூமுக்குப் போவதும் வருவதுமாக இருந்தாள். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். இறங்குகிற நேரத்தில்தான் வாயைத் திறந்தாள்.

"அவ்வா, நீ உள்ள வராத. கேட்டாண்டயே நின்னுக்கோ."

எங்கள் பக்கம் பாட்டியை அவ்வா என்றுதான் கூப்பிடுவார்கள். ஏன் உள்ளே வரக்கூடாது என்று நான் கேட்கவில்லை. பட்டுப்புடவையை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டேன். பச்சைக்குச் சிவப்புக் கரை. நன்றாகத்தான் இருந்தது.

கம்பி கேட்டுக்குப் பக்கத்தில் நின்றேன். உள்ளே இருபது முப்பது பிள்ளைகள், அவர்களுடைய அப்பா அம்மாக்கள். எல்லோரும் அவரவர் பிள்ளையோடு சேர்ந்து நின்றார்கள். மைதானத்தில் சுண்ணாம்புப் பொடியால் பளிச்சென்று கோடு போட்டிருந்தது. கோடு திரும்புகிற இடத்தில் தலையணை மாதிரி வெள்ளைச் சதுரங்கள்.

பயிற்சி கொடுக்கிறவள் ஒரு சின்னப்பெண், அத்திப்பள்ளிப் பக்கம். மேடம் என்று கூப்பிட்டார்கள். கன்னடமும் தமிழும் கலந்து பேசினாள். பிள்ளைகள் எல்லோரும் நடுங்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்து ஒரு யோசனை செய்தாள். பிள்ளை மட்டையைப் பிடிப்பதற்கு முன்னால், கூட வந்த பெரியவர் முதலில் ஒரு பந்தை அடித்து ஓடவேண்டும். பெரியவர்கள் தப்புத்தப்பாக ஆடுவதைப் பார்த்தால் பிள்ளைகளுக்குப் பயம் போகுமாம். போகவும் செய்தது. ஒரு அப்பா மட்டையை வீசின வேகத்தில் அவரே ஒரு சுற்றுச் சுற்றி உட்கார்ந்தார். அவர் மகள் சிரித்துக்கொண்டே போய்ப் பந்தை விளாசினாள்.

கீர்த்தனா முறை வந்தது. உன்னோடு யார் வந்திருக்கிறார்கள் என்று மேடம் கேட்டாள்.

"யாரும் வர்ல, மேடம்."

எனக்கு முட்டி போய்விட்டது, கண் பாதி போய்விட்டது, காது மட்டும் பாம்புக்காது. அன்றைக்கு அதுவும் போயிருக்கலாம்.

கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் துணைக்காவது இருந்திருக்கும். வீட்டுக்குப் போய்விடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. ஆனால் பஸ் ஸ்டாப்பில் அவளைத் தனியாக விட முடியாது. அதனால் நின்றேன்.

சரி, நீயே ஆடு என்று மேடம் பந்தைப் போட்டாள். கீர்த்தனா அசையவில்லை. இன்னொன்று போட்டாள். மட்டை தோளிலேயே இருந்தது. மூன்றாவது பந்து அவளைத் தாண்டிப் போனபோது அவள் கண்ணை மூடியிருந்தாள். வரிசையில் நின்ற பிள்ளைகள் ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டார்கள். கடைசியாக ஒரு வாய்ப்புத் தருகிறேன், கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு வா என்று மேடம் சொன்னாள். இந்தப் பிள்ளை தண்ணீர் குடிக்கக்கூட நகரவில்லை.

நான் உள்ளே போனேன்.

நேராகப் போயிருந்தால் கம்பீரமாக இருந்திருக்கும். குறுக்கே சுண்ணாம்புக் கோடு. யாரோ காலையில் குனிந்து கஷ்டப்பட்டுப் போட்ட கோலத்தை மிதிப்பேனா? கோட்டை ஒட்டியே மைதானத்தைப் பாதி சுற்றி, கோடு முடிகிற இடத்தில் திரும்பி வந்தேன். அதுவரை மொத்தக் கூட்டமும் வேறு வேலையில்லாமல் என்னையே பார்த்தது.

"நான் இவளோட அவ்வா. இப்பதான் பஸ்ஸு வந்துது, லேட்டாயிடுச்சு" என்றேன்.

கீர்த்தனா தரையைப் பார்த்தாள். மேடம் சிரித்த முகமாக மட்டையை என் கையில் கொடுத்தாள். தலையில் ஒரு ஹெல்மெட்டையும் கவிழ்த்தாள். கொண்டை இடித்ததால் அது முழுதாக இறங்கவில்லை, பானைமேல் பானை வைத்தது மாதிரி உட்கார்ந்தது. உலக்கையைப் பிடிப்பது மாதிரி மட்டையைப் பிடித்தேன். (வேறு எதையும் பிடித்துப் பழக்கமில்லை.) பந்து வந்ததும் கண்ணை மூடினேன். டொக் என்றது. நான் அடிக்கவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். பந்துதான் தானாக வந்து மட்டையில் பட்டது.

எல்லோரும் கத்தினார்கள். தமிழில் ஓடு என்றார்கள், கன்னடத்தில் ஓடி என்றார்கள், ஒருவர் தெலுங்கில் பரிகெத்து என்றார். மூன்று பாஷையும் எனக்குத் தெரியும். எதற்கு ஓடவேண்டும் என்பதுதான் தெரியவில்லை. மாடு கீடு துரத்துகிறதோ என்று ஓடினேன். மட்டையைக் கீழே போட்டுவிட்டுத்தான் ஓடவேண்டுமாம். அடுத்தவர் பொருளை மண்ணில் எறிகிற பழக்கம் எனக்கில்லை, அதைத் தூக்கிக்கொண்டே ஓடினேன். முதல் சதுரத்தில் பந்தோடு காத்திருந்த பெண், ஹெல்மெட்டும் பட்டுப்புடவையும் ஓங்கின மட்டையுமாக நான் வருவதைப் பார்த்ததும் பந்தைப் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டாள்.

சதுரத்துக்கு முன்னால் நின்றேன். புதுத் துணி மாதிரி வெள்ளை. செருப்பைக் கழற்றி ஓரமாக ஜோடி சேர்த்து வைத்துவிட்டு ஏறினேன்.

அப்போது எழுந்த சிரிப்பு ஜூஜுவாடி வரைக்கும் கேட்டிருக்கும். முடிந்ததா என்று மேடத்தைக் கேட்டேன். முடியவில்லையாம். மட்டையை வாங்கிக்கொண்டு, அடுத்த ஆள் அடிக்கும்வரை நான் அந்தச் சதுரத்திலேயே நிற்கவேண்டும், அதுதான் சட்டம் என்றாள். அடுத்த ஆள் என் பேத்திதான். அவள் அடித்தால்தான் நான் அங்கிருந்து வரமுடியும்.

நின்றேன். பேச்சு எட்டுகிற தூரத்தில் யாருமில்லை. எல்லோரும் கூட்டமாக ஒரு பக்கம், நான் மட்டும் வெட்டவெளியில் ஒரு சதுரத்துக்குள். ஜூஜுவாடி வீட்டில் இருக்கிறது மாதிரியே இருந்தது. குக்கர் ஒன்றுதான் குறைச்சல்.

கீர்த்தனா மட்டையைத் தூக்கினாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். வீட்டில் அந்தப் பார்வை வந்தால் டிவி ரிமோட்டை ஒளித்துவைத்துவிடுவோம். பயப்படுவதற்கு அவளுக்கு நேரம் எங்கே? இந்தக் கிழவியை மைதானத்தை விட்டுக் கிளப்பியாக வேண்டுமே. பந்து வந்தது. அவள் அடித்த சத்தம் தேங்காய் உடைத்த மாதிரி இருந்தது. பிள்ளைகள் தலைக்குமேல் போய்த் தூரத்து வேலியோரம் விழுந்தது.

"அவ்வா, ஓடு" என்று கத்திக்கொண்டே வந்தாள். அத்தனை பேருக்கு நடுவில், அவ்வா என்று.

செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன். (நெருஞ்சி முள் கிடந்தது, வெறுங்காலோடு எப்படி ஓடுவது?) மான் மாதிரி ஓடுகிற பெண், நாலே எட்டில் என் முதுகுக்குப் பின்னால் வந்துவிட்டாள். தாண்டிப் போகவில்லை.

"நீ முன்னால போடி."

"உன்னத் தாண்டுனா நான் அவுட்டு அவ்வா. நீ ஓடு."

"முட்டி வலிக்குதுடி."

"பேசாம ஓடு."

முதுகில் கையை வைத்துத் தள்ளிக்கொண்டே வந்தாள். ஸ்டார்ட் ஆகாத ஆட்டோவைத் தள்ளுவது மாதிரி. இரண்டாவது சதுரம் வந்தது. நான் நின்று குனிந்தேன்.

"செருப்போட மிதி அவ்வா."

"வெள்ளையா கீதுடி."

"பரவால்ல, மிதி."

மனசு கேட்கவில்லை. கழற்றிவிட்டு மிதித்தேன், திரும்ப மாட்டினேன். அதற்குள் வேலியோரத்துப் பந்து திரும்பி வர ஆரம்பித்துவிட்டது. அவள் இரண்டாவது சதுரத்திலேயே நின்றுகொண்டு, என்னை மட்டும் மூன்றாவதுக்குப் போகச் சொன்னாள். பாதி வழியில் கல்யாணச் செருப்பின் வார் அறுந்தது. விழுந்தேன். எழுபது வயதில் விழுவது என்பது ஒரே நேரத்தில் நடக்கிற காரியமில்லை. முதலில் முட்டி, பிறகு கை, பிறகு மானம், கடைசியில் ஹெல்மெட். அது உருண்டு போய்த் தனியாக மூன்றாவது சதுரத்தைத் தொட்டது.

சதுரத்தை விட்டு இறங்கினால் பந்தால் தொட்டு அவுட் ஆக்கிவிடுவார்கள் என்று கீர்த்தனாவுக்குத் தெரியும். பிறகு எனக்குச் சொன்னதே அவள்தான். தேர்வு நடந்துகொண்டிருக்கிறது, மேடம் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஆனாலும் கீர்த்தனா இறங்கி ஓடிவந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து என் முட்டியில் ஒட்டின மண்ணைத் தட்டினாள். பந்தோடு வந்த ஒரு குட்டிப்பெண் கொஞ்ச நேரம் தயங்கி நின்றாள். பிறகு மெதுவாகப் பந்தால் என் தோளைத் தொட்டாள்.

"சாரி பாட்டி, அவுட்." அப்புறம் கீர்த்தனாவையும் தொட்டாள். "நீயும்."

அணியில் எடுத்துக்கொண்டவர்கள் பெயரைக் கடைசியில் மேடம் வாசித்தாள். கீர்த்தனா பெயரும் வந்தது. அந்த அடியைப் பார்த்தபிறகு எடுக்காமல் இருக்க முடியுமா என்றாள். என்னிடம் தனியாக வந்து, இனிமேல் பெரியவர்களை மட்டை பிடிக்கவைக்கும் யோசனையை விட்டுவிட்டதாகவும் சொன்னாள். அந்த மைதானத்தில் ஒரு பழக்கத்தை ஒரே நாளில் நிறுத்தின பெருமை எனக்குண்டு.

திரும்பும்போது ஒரு செருப்பைக் காலிலும் ஒன்றைக் கையிலுமாகப் பஸ் ஏறினேன். இந்த முறை அவள் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. என் கையிலிருந்த அறுந்த செருப்பை வாங்கி வைத்துக்கொண்டு கேட்டாள்.

"யாரும் வர்லன்னு நான் சொன்னது உனக்குக் கேட்டுச்சா அவ்வா?"

"எனக்கு எங்கடி காது கேக்குது" என்றேன்.

பட்டுப்புடவையில் செம்மண் கறை அப்படியே இருக்கிறது, சலவைக்காரர் கையை விரித்துவிட்டார். கீர்த்தனா இப்போது சாயந்திரமும் பயிற்சிக்குப் போகிறாள், விளக்கு வைத்து வெகுநேரம் கழித்துத்தான் வருகிறாள். எனக்கு விடிகிற நேரம் இன்னும் தள்ளிப்போயிற்று. அவளுக்காகக் காத்திருக்கிற அந்த நேரத்தில்தான் உட்கார்ந்து இதை எழுதினேன்.

எங்கள் வீட்டில் அந்த ஓட்டம் ஒரு பேச்சாகவே நின்றுவிட்டது. பார்டரில் லாரிகள் மாட்டி பஸ் நகராமல் நின்றால், "முன்னால எங்க அம்மா ஓடுது போல" என்பான் மகன். மருமகள் கம்பெனி கேன்டீன் வரிசையில் சொல்லி, முகம் தெரியாத பெண்களெல்லாம் இப்போது அதையே சொல்கிறார்களாம். யாராவது தாமதமாகக் கிளம்பினால் செருப்பைக் கழற்றுகிறாயா என்று கேட்பார்கள். பேரிகை ஊரிலிருக்கும் மூத்த மகள் போனை எடுத்ததும் எத்தனையாவது சதுரத்தில் இருக்கிறாய் என்றுதான் விசாரிக்கிறாள். சிரிக்கவாவது கூப்பிடுகிறாளே.

கேட் சத்தம் கேட்கிறது. வந்துவிட்டாள்.

கீர்த்தனா, கை கால் கழுவிட்டு வா. சாப்பாடு ஆறாது, மூடி வைத்திருக்கிறேன். இங்கே பக்கத்தில் உட்கார்ந்து, நான் எழுதினதை முதலிலிருந்து வாசித்துக் காட்டு, எழுத்து புரிகிறதா பார்க்கலாம். நான் கேட்டாண்டை நிற்கிற இடம் வரும். அங்கே மட்டும் குரலை இறக்கி முழுங்கிவிடாதே. எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.