மெர்வின் விரித்த படுக்கை

இந்தக் கதையைப் பல வருஷமாக நம்பியும் நம்பாமலும் இருக்கிறேன். சொன்னவன் மெர்வின். பொய் சொல்கிற ஆள் இல்லை. ஆனால் இதைத் தான் ஜெயித்த கதையாகச் சொல்கிறான். அதுதான் உறுத்தல்.

ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில், ஓட்லண்ட்ஸ் பக்கம், ஆட்டு ரோமம் தரம் பிரிக்கிறவன் மெர்வின். ஒரு கொத்து ரோமத்தைக் காதருகே பிடித்துச் சுண்டி, சத்தத்தை வைத்தே அதன் வலுவைச் சொல்லிவிடுவான். யார் சொன்னதையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதது தொழில் பழக்கம். மனைவி லொரைன் சொன்னதை எடுத்துக்கொள்ளவே மாட்டான். அது கல்யாணப் பழக்கம்.

செப்டம்பர் மாதம், அங்கே குளிர் விடாத காலம். வெளியே உறைபனி. லொரைன் ஒரு பெட்டி நிறையக் கோழிக்குஞ்சுகளோடு வந்து நின்றாள். வீட்டில் கணப்பு உள்ள அறை ஒன்றுதான். அது அவனுடையது. அவன் கையால் மெருகேற்றிய மரத்தரை, அவன் நாற்காலி, அவன் டிவி. கால்பந்து இறுதிச் சுற்று வேறு தொடங்கப்போகிறது. உயிரே போனாலும் அறையை விடுவதில்லை என்று முடிவு கட்டினான்.

"பயப்படாதே ராசா," என்றாள் லொரைன். "சலவை ரூம்ல வெச்சுக்கறேன். கீழே பேப்பர் விரிச்சாப் போதும்."

சண்டை இல்லை, கெஞ்சல் இல்லை. இதில் ஏதோ உள்குத்து இருக்கிறது.

"பேப்பரா? வழுக்கும்டி. கால் ரெண்டும் அகண்டு நொண்டியாயிடும்."

"அப்போ மரத்தூள்?"

"தீனின்னு நெனச்சுத் தின்னு வைக்கும். என்னைக் கொலைகாரனாக்கப் பாக்குறியா?"

"தெரியாமக் கேட்டுட்டேன். நீயே பாத்துச் சொல்லு."

கடைக்குப் போனான். பைன் மரச்சீவலை அள்ளிக் காதருகே வைத்துச் சுண்டினான். கடைக்காரர் மரியாதைக்காக வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். தூசி இல்லை, ஈரம் இல்லை. முதல் தரம்!

இவ்வளவு உசத்தியான சரக்கைச் சலவை அறை சிமெண்டில் கொட்டுவதா?

"அங்கே ஈரம் ஏறும். ஏன் அந்த ரூம்லயே குறியா இருக்கே?"

"வேற எங்கே வைக்க? உன் ரூம் மட்டும் வேண்டவே வேண்டாம்ப்பா. தரை பாழாயிடும். அதைக் காப்பாத்த உனக்குத் தெரியாது."

"எனக்கா? தரம் தெரிஞ்சவனுக்குத் தரை தெரியாதா?"

சலவை அறை அலமாரிக்குப் பின்னால் சுருட்டிக் கிடந்த வினைல் தரைவிரிப்பை எடுத்து வந்து தன் அறையில் விரித்தான். கத்தரியே தேவைப்படவில்லை. மேலே ரோமம் கட்டும் சாக்கு, அதன்மேல் அட்டை, அதன்மேல் சீவல். தரையில் ஒரு சொட்டுகூட இறங்கவில்லை. லொரைன் தோற்றுப்போனாள் என்பது அவன் வாக்குமூலம்.

டிவி சத்தம் குஞ்சுகளுக்கு ஆகாது என்று கண்டுபிடித்ததும் அவனேதான். லொரைன் "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்றிருந்தாள். இறுதிப் போட்டியைச் சலவை அறையில், கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து, வெற்றிக் களிப்போடு பார்த்தான்.

கடைசியில் ஒருநாள் மனசு கேட்காமல் கேட்டேவிட்டேன்:

"மெர்வின், கணப்பு மூலை வளைவு உள்பட உன் ரூமுக்குன்னே அளவெடுத்த மாதிரி இருந்துச்சே அந்த வினைல், அதை யாருப்பா வெட்டி வெச்சது?"