எல்லா மெஷினுக்கும் ஒரே ரகசியம்

அஞ்சாம் கிளாஸோடு நின்று, சித்தூரில் சொந்தமாக ஜூஸ் ஃபேக்டரி கட்டியவன் நான். எனக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. எண்பதுகளின் கடைசியில் அதுவும் தெரிந்துபோயிற்று.

அந்த வருஷம் ஃபேக்டரிக்குக் கம்ப்யூட்டர் வாங்கினேன். புரோகிராம் எழுதித் தந்தவர் டை கட்டிய மெட்ராஸ்காரர். மாங்காய் போடும் தோட்டக்காரர்கள் பேருக்கு எதிரே என் அபிப்பிராயத்துக்கும் இடம் விட்டிருந்தார். நான் சொல்லச் சொல்ல, தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டினார். “ரகசிய வார்த்தை போட்டாத்தான் சார் திறக்கும். உங்களைத் தவிர யாராலயும் முடியாது” என்றார். வார்த்தை, ‘கணேசா’.

பூஜைக்கு ஊரையே கூப்பிட்டேன். கீபோர்டுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தோம். (பட்டன் அமுங்கவில்லை, எடுத்துவிட்டோம்.) முன்வரிசையில் பங்காருபாளையத்து மாமனார். அவர் தோப்புக் காய் வராவிட்டால் அந்த சீசனில் என் ஃபேக்டரி ஓடாது. பக்கத்தில் இன்னொரு ஃபேக்டரி முதலாளி குப்புசாமி. அதே மெட்ராஸ்காரரிடம் போன மாதம் கம்ப்யூட்டர் வாங்கியவர்.

“என்னுத எவனும் தொறக்க முடியாது. நீயே தட்டிப் பாரு குப்புசாமி!” என்றேன்.

“எங்க மெஷின்ல தட்றதுதான் எனக்குத் தெரியும்ணா” என்று தட்டினார். திறந்துகொண்டது.

முதல் பேரே மாமனார். குப்புசாமி எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தார்: “கூடையில் மேலே நல்ல காய். அடியில் அழுகல். மாமனார் என்பதால் சும்மா இருக்கிறேன்.”

(எழுதியது உண்மைதான். இன்றைக்கும் சொல்வேன், மெதுவாக.)

பூஜைக்கு வந்திருந்த மெட்ராஸ்காரரைப் பார்த்தேன். “எல்லா கஸ்டமருக்கும் அதே வார்த்தைதான் சார். ஆளுக்கு ஒண்ணு குடுத்தா மறந்துடுவீங்க, நான்தான் பஸ் ஏறி வரணும். இதுவரைக்கும் யாரும் கம்ப்ளெயின்ட் பண்ணல.”

“நான் சொல்லல மாமா. மெஷினே எழுதிக்கினு போவுது” என்றேன்.

“பாகுந்தி, ரொம்ப நல்லா இருக்குது மாப்ள” என்று மாமனார் எழுந்தார். “வண்டிய எடு. காணிப்பாக்கத்துல முழுக்குப் போட்டு, புள்ளையார் முன்னால அதையே சத்தியம் பண்ணு.”

அங்கே பொய்ச்சத்தியம் செய்து நன்றாக இருந்தவன் எங்கள் ஜில்லாவில் கிடையாது. அந்தச் சாமி பேரைத் தட்டியதற்கே இந்தக் கதி; எதிரில் போய் நின்றால்?

“வண்டியில டீசல் இல்ல மாமா.”

நாலு பேர் தங்கள் வண்டிச் சாவியை நீட்டினார்கள். நான் வாங்கவில்லை.

அந்த சீசன் தோப்புக் காய் முழுக்கக் குப்புசாமிக்குப் போயிற்று. மெட்ராஸ்காரர் பெரிய மனசு பண்ணி வந்து, வார்த்தையை ‘முருகா’ என்று மாற்றினார். குப்புசாமிக்கும் அதுவேதான்.

இன்றும் என் மனைவி இட்லித் தட்டைக் கொண்டுவந்தால், அடியில் இருக்கும் இட்லியைத்தான் முதலில் உருவிக் காட்டுவாள்.

“பாத்துக்கினியா? எங்க நைனா வூட்டு வளர்ப்பு.”