மூலையில் இறங்காத ஆணி

மெஷின் மறுபடியும் சிக்கிக்கொண்டது. ஃபிரேம் கடைக்காரர் பெடலை மிதித்தார். ஒரே அடியில் ஆணியை மூலைக்குள் ஏற்ற வேண்டிய சனியன், முனகிவிட்டு நின்றது. குறடு போட்டு இழுத்தால் ஆணி கொக்கி மாதிரி வளைந்து வந்தது.

வேறு நாளாக இருந்தால் நாலு திட்டு திட்டிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார். இன்று முடியாது. நாற்பது வயதுவரை எந்தப் பெண்ணிடமும் கேட்காததை, போன வாரம் அவர் ஒரு வாடிக்கையாளரிடம் நாக்குக் குழறக் கேட்டிருந்தார்: கல்யாணம் பண்ணிக்கலாமா? அவள் முகம் சுளிக்கவில்லை.

"முதல்ல எங்க வீட்டுக்காரர் படத்தைச் சுவத்துல மாட்டிடறேன். அப்புறம் பதில் சொல்றேன்," என்றாள். காலமான கணவரின் படத்தோடு, மெருகேற்றிய நாலு கட்டைகளையும் கொடுத்தாள். "இந்தக் கட்டையிலதான் ஃபிரேம் போடணும். எங்க வீட்டுக்கு ராசியானது."

சாயங்காலம் அவள் வரப்போகிறாள். படத்தில் அவள் கணவர், தோட்டத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

கடைக்காரர் மெக்கானிக்குக்குப் போன் போட்டார்.

"ஆணி வர்ற வழியில தூசி இருக்கும்ண்ணே. துடைச்சிட்டு எண்ணெய் விடுங்க."

விட்டார். கழிவுக் கட்டையில் அடித்துப் பார்த்தால், வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுகிற மாதிரி இறங்கியது. அவள் கட்டையை வைத்தார். பழைய முனகல்.

"மெஷினுக்குக் காத்தழுத்தத்தை ஏத்திப் பாருங்கண்ணே."

ஏற்றினார். மூலை பிளந்தது. பிளந்ததை அறுத்து, மற்ற மூலைகளையும் அதே அளவுக்கு அறுக்க வேண்டியதாயிற்று. ஃபிரேம் சுருங்கியதால் படத்தையும் வெட்டினார். தோட்டம் போயிற்று. கணவர் ஓரடி முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார்.

"நீளமான ஆணியா போடுங்கண்ணே."

போட்டார். அது திரும்பிக்கொண்டு, முன்பக்கமாகப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்தது. மறுபடியும் அறுப்பு, மறுபடியும் வெட்டு. நாற்காலியும் போயிற்று. இப்போது கணவர் வெறும் முகமாக, கண்ணுக்கு நேரே பார்த்தார். சிரிப்பு மட்டும் மாறவே இல்லை. படத்தைக் குப்புறப் போட்டார்.

"தம்பி, மெஷின்ல கோளாறு இல்ல. படத்துல இருக்கிறவருக்குத்தான் இஷ்டமில்லைன்னு தோணுது."

"அண்ணே, அதுக்கு நம்மகிட்ட ஸ்பேர் கிடையாது," என்று மெக்கானிக் போனை வைத்துவிட்டான்.

பயம் ஒரு பக்கம். அவளை விட்டுவிடுவோமோ என்பது அதைவிடப் பெரிய பயமாக இருந்தது. படத்தைத் திருப்பி வைத்துக் கைகூப்பினார்.

"அவங்களைக் கண்கலங்காம பார்த்துக்குவேன் சார். கொஞ்சம் விட்டுக்குடுங்க."

மூன்றாம் முறை அறுக்கும்போது ரம்பம் கீச்சென்று அலறியது. கடைக்காரர் குதித்து எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டார். பிறகு மெல்ல வந்து குனிந்து பார்த்தார். கட்டைக்குள் துருப்பிடித்த ஆணி ஒன்று. அதை நோண்டினால் பக்கத்தில் இன்னொன்று, வேறு ரகம். எல்லா மூலையிலும் அப்படியே. புது ஆணி போய்ப் பழைய ஆணியில் முட்டியிருக்கிறது. அவ்வளவுதான். ஏற்கெனவே ரெண்டு தடவையாவது ஃபிரேம் போட்டுப் பிரித்த கட்டை இது. இதற்காகவா ஒரு செத்த மனுஷனிடம் கெஞ்சினோம் என்று தனியாகச் சிரித்தார். பசை தடவி, வார் போட்டு இறுக்கிக் காயவைத்தார்.

சாயங்காலம் அவள் தன் அக்காவோடு வந்தாள்.

"கொஞ்சம் சின்னதாயிடுச்சு. உள்ள பழைய ஆணி நிறைய இருந்தது. முன்னாடி இதுல யார் படம் இருந்தது?"

"அவருக்கு முன்னாடி இருந்தவங்கதான்," என்றாள் அவள், படத்தைத் துடைத்தபடி. பிறகு தலை நிமிராமல், "நீங்க கேட்டதுக்கு எனக்குச் சம்மதம்," என்றாள்.

கடைக்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. அகலமான முகம் முழுக்கப் பல்லாக நின்றார்.

அக்கா ஃபிரேமை வாங்கிச் சாண் வைத்து அளந்தாள். பிறகு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கட்டையை இதுக்கு மேல வெட்டிடாதீங்க தம்பி. உங்க முகம் அகலம்."