வெள்ளிக்கிழமை ஊசி

என் கணவருக்கு நரைக்க வேண்டும். இதுதான் என் வாழ்க்கை லட்சியம். அவர் பல்செட்டைத் தேட வேண்டும். மூக்குக்கண்ணாடி மேல் உட்கார வேண்டும். "எங்க காலத்துல" என்று தொடங்கி யாரையாவது அறுக்க வேண்டும். மற்ற பெண்களுக்கு இதெல்லாம் கேட்காமலே கிடைக்கிறது. அவர் வீட்டு ஆண்களில் ஒருவருக்கும் நரைத்ததில்லை. அதற்கு நேரம் கொடுக்காமலே போய்விட்டார்கள். என் மாமனார் ஹாஜா மைதீன், மலேசியாவில் பெடாஸ் டவுனில் எங்கள் சாப்பாட்டுக் கடையில், கல்லாவில் உட்கார்ந்தபடியே, நாற்பத்து மூன்று வயதில் போனார். அதே நாற்காலியில்தான் இப்போது என் கணவர் ஃபாரூக், நான் மச்சான் என்று கூப்பிடுகிறவர், உட்கார்கிறார். நாற்காலி முனகுகிறது. அவர் முனகுவதில்லை.

எங்கள் மகள் மஹ்ஜபீன் இப்போதுதான் அப்பாவை "அத்தா" என்று கூப்பிடப் பழகியிருக்கிறாள். அந்தச் சொல்லை அவள் ரொம்ப காலம் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆசை என்று கௌரவமாகச் சொல்கிறேன். பயம்.

அதனால் அவரைச் சிரம்பானுக்கு இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் நிவேதிதா எடை பார்த்தார், ரத்தம் பார்த்தார்.

"இனிப்பு நீர் வியாதி உங்க வாசப்படியில நிக்குது மிஸ்டர் ஃபாரூக். உள்ள கூப்பிடாதீங்க."

வாரத்துக்கு ஒரு ஊசி எழுதிக்கொடுத்தார். பார்க்கப் பேனா மாதிரி இருக்கும். வயிற்றில் தானே குத்திக்கொள்ளலாம். பசி அடங்கும், எடை இறங்கும். எண்ணெயில் மிதக்கும் சாப்பாடு மட்டும் ஆகாது, குமட்டும். வெள்ளிக்கிழமை என்று நாள் குறித்தோம்.

ஊசி வேலை செய்தது. அதுதான் கோளாறு.

கல்யாணமான நாளிலிருந்து வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்தால் நாங்கள் இரண்டு பேரும் ஒரே சஹனில்தான் சாப்பிடுவோம். பெரிய தட்டு, நடுவில் கறி, ஆளுக்கு ஒரு பக்கம். தன் பக்கத்தை முடித்துவிட்டு, "உன் பக்கம் ஆறிப்போவுது புள்ள" என்று எல்லை தாண்டி வருவார். நான் கையைத் தட்டிவிடுவேன். மறுபடி வருவார். ஊசிக்குப் பிறகு இரண்டு கைப்பிடியோடு எழுந்துவிட்டார். என் பக்கத்துச் சோறு படையெடுப்பார் இல்லாமல் கிடந்தது. மனசு கேட்காமல் நானே இரண்டு பக்கத்தையும் தின்றேன். அவருக்குப் போட்ட ஊசியில் என் பாஜு கூரோங் சட்டை இறுகிப்போனது.

கடையில் சமைப்பவரும் அவர்தான்; அங்கேயும் ருசி போனது. பசி இல்லாதவருக்கு ஆணத்தில், அதாவது குழம்பில், உப்பு தெரியவில்லை. தோட்டத்து டிராக்டர் ஓட்டும் சன்னாசி, "பாய், ஆணத்துல உப்ப மறந்தீங்களா, இல்ல எங்களயே மறந்துட்டீங்களா?" என்று கேட்டுவிட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஊசியோடு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். வந்ததும் கேட்டார்:

"தாளிச்சாவுல மாங்கா போட்டியா?"

ஊசி போட்ட மனுஷன் மாங்காயைத் தேடுவானா? குத்திய ஊசிமுனையைப் போட வைத்திருந்த மைலோ டின்னைத் திறந்து பார்த்தேன். புதிதாக ஒன்றும் விழவில்லை. அன்றைக்கு அவர் எல்லை தாண்டி வந்தார். என் கை தட்டிவிட மறந்துபோனது. வந்துவிட்டாரே என்று இனித்தது. மாமனாரின் நாற்காலி ஞாபகம் வந்ததும் அந்த இனிப்பு போய்விட்டது.

கத்தியிருக்கலாம். கத்தினால் இன்னும் நன்றாக ஒளிப்பார். கான்வென்ட் சிஸ்டர்களிடம் படித்தவள் நான். குற்றவாளியை அதட்டக் கூடாது, நம்ப வேண்டும்.

அதற்கடுத்த வெள்ளி, நெய்ச்சோறும் ஆட்டுக்கறி ஆணமும் ஆக்கினேன். வாசம் பெடாஸ் டவுன் வரைக்கும் போயிருக்கும். குளியலறைக்குப் போய்விட்டு முனகியபடி வந்தார்.

"ஊசி போட்டாச்சா மச்சான்?"

"போட்டாச்சு லா. உசுரு போவுது."

"அப்ப பசிக்காது."

"எங்க பசிக்குது."

"கறி வாடையே ஆவாதுல்ல."

கொஞ்சம் யோசித்தார். "ஆவாது."

"பாவம்" என்றேன். வேலிப் பக்கம் திரும்பினேன். "தர்மராஜ் அண்ணே, சாப்பிட வாங்க."

தர்மராஜ் அண்ணன் செம்பனைத் தோட்டத்தில் ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர், எங்கள் பக்கத்து வீடு. மகள் பிரசவத்துக்காக அவர் மனைவி கெமாஸில் இருந்தார். மனிதர் தானே சமைத்துத் தானே தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்தார். கையைக் கழுவிக்கொண்டே வந்தார்.

மச்சானுக்கு இரண்டு கைப்பிடிச் சோறு, பருப்பு, வெள்ளரிக்காய் வைத்தேன். அண்ணனுக்கு மற்றதெல்லாம்.

"பாய், நல்லி எலும்பு ஒண்ணு தொட்டுப் பாக்குறீங்களா?"

"வேணாண்ணே. பாத்தாலே கொமட்டுது." சொல்லும்போது கண் எலும்பை விட்டு அசையவில்லை.

"குடுத்து வச்சவரு நீங்க. சாமியாருங்க காட்டுல வருசக்கணக்கா உக்காந்தும் ஆசை போவல. உங்களுக்கு ஒரு ஊசியில போயிருச்சி."

கடையில் திருடித் தின்னலாமே என்பீர்கள். கடையில் ரொட்டி போடும் ஆரிஃப் என் கூடப் பிறந்த தம்பி. அத்தான் கை சட்டிப் பக்கம் போனாலே, "ஊசி போட்டிருக்கீங்க, வாந்தி வரும்" என்று கஸ்டமர் எல்லாருக்கும் கேட்கச் சொல்வான். இப்படியே நாட்கள் போயின. பசியை விரட்டாமல், பசியே இல்லை என்று நடித்துக்கொண்டு ஒரு மனிதர் மெலிந்தார். ஆணத்துக்கு உப்பு மட்டும் திரும்ப வந்தது. எச்சிலை விழுங்கி விழுங்கிச் சமைத்தால் உப்பு தப்பாது போலிருக்கிறது.

அண்ணன் சாப்பிட வந்த மூன்றாவது வெள்ளி, அவர் நல்லி எலும்பை வாயருகில் கொண்டு போனார்.

"அண்ணே" என்றார் மச்சான். "அத கீழ வைங்க."

அண்ணன் வைத்தார். மச்சான் என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"புள்ள, அந்த ஊசிய எடு. பசி தாங்கல."

"இப்பத்தானே மச்சான் போட்டீங்க?"

"போடல."

"போன வாரம்?"

"அதுவும் போடல."

தர்மராஜ் அண்ணன் தன் தட்டை மட்டும் எடுத்துக்கொண்டு மெல்ல வேலி தாண்டினார். தட்டில் எலும்பும் இருந்தது.

"ஏன் மச்சான்?"

"பசி இல்லாம அடுப்பு முன்னால நிக்கிறவன் சமையக்காரனா புள்ள? சரி, கடைய விடு. உன் பக்கம் கை நீட்டணும்னே தோணல. நீ தனியா தின்னுக்கிட்டு இருந்த. பாக்க முடியல."

எனக்குக் கண் கலங்கியது. விடவில்லை.

"உங்க அத்தா போறப்ப அவருக்கு நாப்பத்து மூணு. உங்களுக்கு இப்ப முப்பத்தொம்பது. இவளுக்கு இன்னும் ரெண்டு வயசு ஆவல. நான் ரெண்டு கைப்பிடியோட எந்திரிக்கிற மனுசனோட கெழவி ஆவுறேன். நீங்க இல்லாம தட்டு நெறைய நான் மட்டும் தின்னுட்டு இருக்க என்னால முடியாது."

மச்சான் மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். "ஊசிய எடு" என்றார்.

"நடுவுல விட்டத டாக்டருகிட்ட கேக்காம போடக் கூடாது. நீங்களே சொல்லணும். நான் வாயத் தெறக்க மாட்டேன்."

சிரம்பானில் டாக்டர் நிவேதிதா எடை மெஷினைக் குனிந்து பார்த்தார். இறக்கிவிட்டு மறுபடி ஏற்றிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"சூப்பர், மிஸ்டர் ஃபாரூக். ஊசி அருமையா வேலை செய்யுது."

மச்சான் பெருமூச்சு விட்டார்.

"ஊசி ஒரு மாசமா ஃபிரிட்ஜுல தூங்குது டாக்டர். வேலை செய்றது இந்தா, எம் பக்கத்துல உக்காந்திருக்கு."