வேண்டாம் என்றாலும் விடாதே

படூரில் இருக்கும் அன்பு மைத்துனன் கிருபாகரனுக்கு, செங்கல்பட்டிலிருந்து உன் மாமா திருநாவுக்கரசு எழுதிக்கொள்வது. இங்கே அனைவரும் நலம் என்று எழுதத்தான் ஆசை.

நிற்க. என் மகள் ரோகிணிக்குச் சம்பந்தம் பேசும் நேரத்தில் ஒத்தாசையாக இருக்கட்டும் என்று என் போனில் ஒரு ஏ.ஐ. ஏஜென்ட்டைப் போட்டுக்கொடுத்தாய். வரும் செய்திகளைப் படித்து அதுவே பதில் போடும், பலகாரம் ஆர்டர் செய்யும், கார் பிடிக்கும் என்றாய். "மாமா, அதுக்கு நம்ம வூட்டு வழக்கம் ஒண்ணும் தெரியாது, வெவரமா எழுதிக் குடுங்க" என்றும் சொன்னாய். ஆபீசில் சுற்றறிக்கை எழுதியே தலை நரைத்தவன் நான். "வருகிறவர்களை நன்றாக உபசரி. நம் பக்கத்தில் யாரும் முதல் தடவையே சரி என்று சொல்ல மாட்டார்கள். வேண்டாம் என்பார்கள், விடாதே" என்று எழுதினேன். எங்கே நிறுத்துவது என்று எழுதவில்லை. மனிதருக்கு எழுதினால் அது தேவைப்படாது.

பக்கத்து வீட்டு மார்கரெட் டீச்சரிடம் லட்டு அனுப்பட்டுமா என்று ஏஜென்ட் கேட்டிருக்கிறது. சர்க்கரை இருக்கிறது, வேண்டாம் என்றிருக்கிறார். லட்டு போயிற்று. வேண்டவே வேண்டாம் என்றிருக்கிறார், ஜாங்கிரியும் போயிற்று. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். சதுரங்கப்பட்டினத்து மாப்பிள்ளை வீட்டார், "இந்தச் சம்பந்தம் எங்களுக்குச் சரிப்படாது, மன்னிக்கவும்" என்று நாகரிகமாகச் செய்தி அனுப்பியிருக்கிறார்கள். இது, "அப்படியெல்லாம் சொல்லக் கூடாது, கட்டாயம் வர வேண்டும்" என்று பதில் போட்டு, அவர்கள் வாசலுக்குக் காரையும் அனுப்பியிருக்கிறது. திருப்பி அனுப்பினால் மறுபடி கார் வருமாம். கடைசியில் டிரைவர், "இன்னா சார், ஒரு நடை வந்துட்டுப் போயேன், பேஜாரா கீது" என்று கெஞ்சி ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். நான் பனியனோடு நிற்கிறேன், வாசலில் குடும்பமே வந்து இறங்குகிறது, பின்னாலேயே ஓட்டலிலிருந்து டிபன் வருகிறது. பையனின் அம்மா பார்வதம், "இவ்ளோ ஆசையா கூப்புட்றவங்கள எப்படிங்க வேணாங்கறது" என்று தட்டு மாற்றவே சம்மதித்துவிட்டார்.

காரியம் முடிந்தது, மானம் போயிற்று. ஆகவே ஞாயிற்றுக்கிழமை வந்து இந்த ஏஜென்ட்டை எடுத்துத் தொலைத்துவிட்டு, ரோகிணி நிச்சயதார்த்தத்துக்கு நாள் பார்க்கவும் கூட இரு. உன் வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கமும் பிள்ளைகளுக்கு ஆசியும்.

இப்படிக்கு,
திருநாவுக்கரசு

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது ரோகிணி இதை வாங்கிப் படித்தாள். "அதைத் திட்றீங்களே, இந்த மாப்பிள்ளை வேணாம்னு நானும் தை மாசத்துலேர்ந்து சொல்றேன். நீங்க இன்னா பண்ணீங்க?" என்றாள். பெண்கள் முதலில் அப்படித்தான் சொல்வார்கள் என்று இருந்துவிட்டேன். அவள் அழுதுவிட்டாள், மச்சான். எனக்குத் தாங்கவில்லை. நானே போன் செய்து சம்பந்தத்தை நிறுத்திவிட்டேன். அந்தப் பக்கம் நன்றி என்றார்கள். ஏஜென்ட் இருக்கட்டும், எடுக்க வேண்டாம். ஒருவர் வேண்டாம் என்றால் அத்தோடு நிறுத்த வேண்டும் என்று புரிகிற மாதிரி நாலு வரி எழுதி அனுப்பு. முதலில் நான் படிக்கிறேன், அது அப்புறம் படிக்கட்டும்.