மோர்ப் படமும் மூன்றாவது ஓலையும்

ஒரு மனிதனை எடைபோட ஜாதகம், ரத்தப் பரிசோதனை, அக்கம்பக்கத்து விசாரணை எதுவுமே வேண்டாம் என்று நம்புகிறவர் உலகத்தில் ஒருவர்தான். அவர் தஞ்சாவூரில், நான் கணக்கு எழுதும் டிராக்டர் உதிரிபாகக் கடையில், எனக்கு எதிர் மேசையில் உட்கார்ந்திருக்கிறார். "ரெண்டாந்தடவை எந்தப் படத்தப் பாத்தீங்க?" என்ற ஒரே கேள்வியில் ஆளை அளந்துவிடுவார். அதனால் அவருக்கு ரெண்டாந்தடவை என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பதில்லை.

"மொத தடவ போறது போஸ்டரப் பாத்து, மச்சான் கூப்பிட்டான்னு, மழைக்கு ஒதுங்கன்னு. அதெல்லாம் கணக்குல வராது. தெரிஞ்ச கதைக்குத் திரும்பப் போறான் பாருங்க, அங்கதான் மனுசன் மாட்டிக்குவான்" என்பது அவருடைய சித்தாந்தம்.

நான் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே என்னிடமும் கேட்டார். ஏதோ ஒரு குடும்பப் படத்தைச் சொன்னேன். எந்த மாசத்தில் பார்த்தேன் என்றார். சித்திரை என்றேன். "நீங்க ஏசிக்குப் போன ஆளும்மா" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். உண்மை என்பதால் எனக்கு வந்த கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

ரோட்டவேட்டர் பிளேடு வாங்க வந்த பூதலூர் விவசாயி ஒருவர், பேய்ப் படம் ஒன்றை இரண்டு தடவை பார்த்ததாகச் சொன்னார். முதல் தடவை முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டாராம். "நேர்மையான மனுசன்! உள்ளேருந்து நல்ல சரக்கா எடுத்துக் குடுங்கப்பா" என்று உத்தரவு போட்டார் ரெண்டாந்தடவை. மெக்கானிக் வேலைக்கு வந்த ஒருவன், முதல் தடவை தூங்கிவிட்டதால் மறுபடி போனேன் என்றான். "தூங்குனத ஒத்துக்கிற மெக்கானிக் இந்த ஜில்லாவுலயே கிடையாது" என்று முதலாளியிடம் வாதாடி அவனைச் சேர்த்துவிட்டார். துரதிர்ஷ்டவசமாக அவன் கெட்டிக்காரனாக அமைந்துவிட்டான். அதற்குப் பிறகு ரெண்டாந்தடவையைக் கையில் பிடிக்க முடியவில்லை.

அவருக்குப் பிடித்த படம் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் பேய்ப் படம். அதில் வரும் பேய் செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழையுமாம். "அந்தக் காலத்துல பேய்க்குக்கூட ஒரு முறை இருந்துச்சு" என்று உருகுவார். பிடிக்காத படம், கல்யாண வீடுகளில் சமைக்கும் ஒரு சமையல்காரனின் கதை. டெல்டா முழுக்க ஜனங்கள் அதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள். பண்டிகைக்குப் பண்டிகை டிவியில் போடுகிறார்கள். ஆனால் அதன் பெயரை எங்கள் கடையில் உச்சரிக்கக் கூடாது. மோர்ப் படம் என்றுதான் சொல்ல வேண்டும். ஏனென்றால் முதல் பந்தியிலேயே அந்தக் கதாநாயகன், இலையில் ரசம் விழுவதற்கு முன்னால் ஒருவருக்கு மோரை ஊற்றிவிடுகிறான்.

"சாம்பார் ஆச்சு, ரசம் வரல, பாயசம் வரல, மோர ஊத்துறான்! எந்த ஊர்ல? இதப் போய் மறுபடி பாக்குறவன் எதுக்கும் துணிஞ்சவன்."

இதுவரைக்கும் எங்களுக்குச் சிரிப்புதான். அவருடைய மகள் ஜெசிந்தாவுக்கு வரன் பார்க்க ஆரம்பித்ததும் சிரிப்பு நின்றது. அவள் பள்ளிக்கூடம் போகும்போதே அம்மா தவறிவிட்டார். அப்பாவும் மகளும் மட்டுமான வீடு. வருகிற மாப்பிள்ளைகளிடம் எல்லாம் அந்தக் கேள்வி பாய்ந்தது. பாபநாசத்திலிருந்து வந்த பேங்க் உத்தியோகஸ்தர், எந்தப் படத்தையும் இரண்டாவது தடவை பார்க்கும் வழக்கமில்லை என்று பெருமையாகச் சொன்னார். காபி ஆறுவதற்குள் அவர் கதை முடிந்தது.

"ஒரு தடவ பாத்தத மறுபடி பாக்க மாட்டானாம். அப்ப எம் பொண்ணு மூஞ்சிய எத்தன தடவ பாப்பான்?" என்றார் எங்களிடம்.

கடைசியாக மயிலாடுதுறைப் பையனின் வரன் வந்தது. மஸ்கட்டில் ஆஸ்பத்திரி ஒன்றில் லேப் டெக்னீசியன். ஜெசிந்தாவுக்குப் போட்டோவைப் பார்த்ததுமே பிடித்துப்போய்விட்டது. "அக்கா, இவரையும் அப்பா கழிச்சுக் கட்டிட்டா நான் வேற யாரையும் பண்ணிக்க மாட்டேன். நீங்களே சொல்லிவைங்க" என்று என்னிடம் வந்து நின்றாள். நானும் அவளுடைய சித்தியும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து, பெண் பார்க்கும் அன்றைக்கு அவர் அந்தக் கேள்வியைக் கேட்டுவிடாமல் காபந்து பண்ணினோம். நிச்சயம் ஆயிற்று. ஓலையும் வாசிக்க ஆரம்பித்தார்கள்.

ஓலை என்பது கத்தோலிக்கர்களின் வழக்கம். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை, பூசையில் மணமக்கள் பெயரை வாசித்து, தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் தெரிவிக்கலாம் என்பார்கள். தெரிவித்தவர் யாரையும் நான் கேள்விப்பட்டதில்லை.

இரண்டாவது ஓலை வாசித்த அன்று மாப்பிள்ளைக்குப் பெண் வீட்டில் சாப்பாடு. யாரோ டிவியைப் போட்டார்கள். மோர்ப் படம். பையன் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டுத் திரும்பினான்.

"ஐயோ மாமா, இது எனக்கு உசுரு! அங்க வெள்ளிக்கிழமை ஆனா எங்க ரூம்ல இதான் ஓடும்!"

மறுநாள் காலையில் கடைக்கு ஜெசிந்தா போன் பண்ணினாள். "அக்கா, அப்பா கோயிலுக்குப் போயிருக்காரு. தடை சொல்லப் போறாராம். ஓடுங்கக்கா" என்றாள். குரல் உடைந்திருந்தது. ஆட்டோ பிடித்துப் போனேன். சாமியார் எதிரில் அவர் வெள்ளை வேட்டி சட்டையில், தீர்ப்பு சொல்ல வந்தவராக உட்கார்ந்திருந்தார்.

"தடைன்னா என்னங்க? பையன் ஏற்கெனவே கல்யாணம் ஆனவரா?"

"இல்லீங்க சாமி."

"நெருங்கின சொந்தமா?"

"அதெல்லாம் இல்லீங்க சாமி. மோர்ப் படத்த வாராவாரம் பாக்குறாரு."

சாமியார் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

"அத நானே நாலஞ்சு தடவ பாத்திருக்கேனே" என்றார் சாமியார்.

ரெண்டாந்தடவையின் முகத்தில் அப்போது தெரிந்த வேதனையை என்னால் விவரிக்க முடியாது. "சாமி, ரசத்துக்கு முன்னாடி மோர்..." என்று இழுத்தார்.

"அது ஏன்னு கடைசியில வருதே. நீங்க கடைசி வரைக்கும் பாக்கலையா?"

மோரை ஊற்றியதுமே தியேட்டரைவிட்டு வெளியே வந்தவர், அதற்குப் பிறகு அந்தப் படம் இருக்கும் பக்கம்கூடத் திரும்பவில்லை. இத்தனை வருஷமாக ஊரையே திட்டித் தீர்த்தது கால் மணி நேரப் படத்தை வைத்துக்கொண்டு!

"மாப்பிள்ளையோட உக்காந்து முழுசா பாருங்க. அப்பறமும் தடைன்னு தோணிச்சுன்னா வாங்க. அதுவரைக்கும் மூணாவது ஓலைய வாசிக்கல" என்றார் சாமியார்.

சனிக்கிழமை மத்தியானம் உட்கார்ந்தார்கள். ஜெசிந்தா கெஞ்சிக் கேட்டுக்கொண்டதால் நானும் போயிருந்தேன். இவர் கையைக் கட்டிக்கொண்டு டிவியை முறைத்தார். பையனோ படத்தைப் பார்க்கவே இல்லை. ஜெசிந்தாவோடு அப்பளம் பொரிப்பதும், எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து தருவதுமாக இருந்தான். இவருக்குப் பொறுக்கவில்லை.

"உசுருன்னீங்க, பாக்கவே மாட்டேங்குறீங்க?"

"பாக்க மாட்டோம் மாமா. ரூம்ல நாலு பேரு, நாலு ஷிப்டு. அவனவன் தனியாத் தட்ட எடுத்துக்கிட்டு சுவரப் பாத்து உக்காந்து சாப்புடுவோம். இந்தப் படத்துலதான் முக்காவாசி பந்தி வருது. இல போடுற சத்தம், அங்க வை இங்க ஊத்துன்னு சத்தம். பின்னாடி ஓட விட்டுட்டா, வீட்டுல எல்லாரோடயும் உக்காந்து சாப்புடுற மாதிரி இருக்கும். அவ்ளோதான்."

அவர் கட்டியிருந்த கை அவிழ்ந்தது.

கடைசியில் அந்த மோருக்கும் விளக்கம் வந்தது. இலையில் உட்கார்ந்தவருக்கு வாயெல்லாம் புண். பெண்ணைப் பெற்றவர் என்பதால் யாரிடமும் சொல்லாமல் விழுங்கிக்கொண்டிருக்கிறார். சமையல்காரன் ஒருவன்தான் அதைக் கவனிக்கிறான். படம் முடிந்தும் ரெண்டாந்தடவை எழுந்திருக்கவில்லை. சமையலறை வாசலில் நின்ற ஜெசிந்தா அப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாமிகிட்ட சொல்லிடுங்க, மூணாவது ஓலைய வாசிக்கட்டும்" என்றார் என்னிடம். பிறகு மாப்பிள்ளை பக்கம் திரும்பி, "ஆனா கல்யாணத்துல மோர் கடைசியாத்தான்" என்றார்.

அப்படியே நடந்தது. பந்தியில் மோர் வாளி வைத்திருந்தவரின் பக்கத்திலேயே பெண்ணைப் பெற்றவர் காவல் நின்றார். விடுமுறை முடிந்து பையன் கிளம்பினான். விசா வந்ததும் ஜெசிந்தாவும் மஸ்கட் போய்ச் சேர்ந்தாள்.

அதற்கடுத்த வாரம் மத்தியானம் எதிர் மேசையிலிருந்து பந்திச் சத்தம் கேட்டது. போனை டிபன் பாக்ஸ் மூடியின் மேல் கவிழ்த்து வைத்திருந்தார். படம் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. அவர் சுவரைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"பாக்கலையா சார்?" என்றேன்.

"பாக்குறதுக்கு என்னம்மா இருக்கு. ஓடட்டும்."

என் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு அவர் மேசைக்கே போய் உட்கார்ந்தேன். இப்போதெல்லாம் பன்னிரண்டரை மணிக்கே மெக்கானிக் உட்பட எல்லோரும் டிபன் பாக்ஸோடு அவர் மேசையைச் சுற்றி உட்கார்ந்துவிடுகிறோம். முதலில் குழம்பு, பிறகு ரசம், கடைசியில் மோர் என்று அதட்டுகிறார், அதட்டட்டும். எங்களுக்கு அவரை அவ்வளவு பிடிக்கும். நாங்கள் பேசுகிற சத்தத்தில் சில நாள் போனை எடுத்துப் படத்தை ஓடவிடவே மறந்துவிடுகிறார்.