தட்டா, பல்லா?

சமையலறை மேசையில் ஈரக் கோணியை விரித்து, அதன் மேல் ஒரு கட்டுப் புல்லைப் பரப்பி, தராசு முதலில் கத்தியால் ஒரு கோடு இழுத்தார். அப்புறம் முள்கரண்டியால் ஒரு கோடு. கத்தி புல்லை வெட்டாமல் கோணிக்குள் மடித்துத் திணித்தது. முள்கரண்டியோ இருந்த புல்லையெல்லாம் வாரிச் சுருட்டிக்கொண்டு வந்து தரையில் கொட்டியது.

"அது நான் காய் நறுக்கற கத்தி," என்றாள் மனைவி.

"தெரியும்."

"இது காலையிலதான் துடைச்ச தரை."

"தெரியும்மா. இங்க பாரு. கத்தி இருக்கே, அதுதான் தட்டு வெச்ச விதைப்பு மிஷின். முள்கரண்டி பல்லு மிஷின். எதை வாங்கலாம், நீயே சொல்லு."

"இப்போதைக்கு இதை வாங்கிக்குங்க," என்று விளக்குமாற்றைக் கையில் கொடுத்தாள்.

பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. தராசு என்பது ஊர் வைத்தது. எதையும் இரண்டு பக்கமும் நிறுத்துப் பார்ப்பார். முள் மட்டும் ஒரு இடத்தில் நிற்காது. செருப்புக் கடைக்குப் போனால் வலது காலுக்கு ஒரு யோசனை, இடது காலுக்கு ஒரு யோசனை. கடைக்காரர் விளக்கை அணைக்கும்போது வெறுங்காலோடு வெளியே வருவார்.

இந்தத் தடவை சங்கதி செருப்பு இல்லை. அவர் நிலத்தில் கலப்பை பட்டு மூன்று வருஷம் ஆகிறது. அறுவடை முடிந்ததும் மண்ணை வெறுமனே போட்டுவைக்காமல் கொடிப்பயறு, முள்ளங்கி, புல் எல்லாம் கலந்து மூடுபயிராக விதைத்துவிடுவார். பிறகு அதை உழுது புதைப்பதில்லை. அந்தப் பச்சைக்கு நடுவிலேயே மண்ணை லேசாகக் கீறி, மக்காச்சோள விதையை உள்ளே வைத்து மூடவேண்டும். அதற்குத்தான் மிஷின். ஆரம்பத்தில் பக்கத்து நிலத்துக்காரர் இரவல் கொடுத்தார். அவர் நிலத்தை விற்றுவிட்டுப் போனதும், சொந்தமாக வாங்கலாம் என்று தராசு போன வருஷம் யோசிக்க ஆரம்பித்தார். யோசித்து முடிப்பதற்குள் மழை வந்து, பெய்து, போயே போய்விட்டது. ஒரு பருவம் முழுக்க விதைப்பு இல்லை.

நிலம் மனைவியின் அம்மா வீட்டு வழி வந்தது. அவளுக்கும் அவள் தம்பிக்கும் பொது. மச்சான் கலப்பைக் கட்சி. போன மாதம் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே சொல்லிவிட்டான்.

"மாமா, இந்த வருஷம் பெரிய மழைக்கு முன்னாடி விதை மண்ணுக்குள்ள போகணும். போகலைன்னா நான் கலப்பையை இறக்கிடுவேன். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக்கூடாது. அக்கா, நீதான் சாட்சி."

"சரி," என்றார் தராசு. அவர் யோசிக்காமல் சொன்ன ஒரே வார்த்தை அதுதான்.

சொன்ன பிறகுதான் மண்ணை நினைத்துப் பார்த்தார். கையை விட்டால் பொலபொலவென்று உதிர்கிற மண் அது. புரட்டின இடமெல்லாம் மண்புழு. கலப்பை ஒரு முறை ஓடினால் மூன்று வருஷமும் தலைகீழ்.

"மேசையில எதுக்குங்க இந்தக் கூத்து?" என்றாள் மனைவி. "ரெண்டு கம்பெனிக்காரங்களையும் மிஷினோட வரச் சொல்லுங்க. வயல்லயே ஓட்டிக் காட்டட்டும்."

தட்டு மிஷின்காரர் முதலில் வந்தார். இஸ்திரி கலையாத சட்டை, பளபளக்கும் மிஷின், வரிசையாக வட்டத் தட்டுகள்.

"நம்ம மிஷின் வந்துபோன தடமே தெரியாதுங்க," என்றார்.

"நில்லுங்க," என்று மனைவி வீட்டுக்குள்ளிருந்து விதை மூட்டையைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தாள். "வெறும் பெட்டியோட ஓட்டினா என்ன தெரியும்? விதையைப் போட்டு ஓட்டுங்க."

ஓட்டினார். தராசு பின்னாலேயே குனிந்தபடி ஓடினார். கத்தி செய்ததையே தட்டும் செய்தது. பனி ஈரத்தில் கொடி வெட்டுப்படாமல் கீறலுக்குள் மடிந்து உட்கார்ந்தது.

"எடை பத்தலை," என்றார் தட்டு மிஷின்காரர். மிஷின் மேல் மணல் மூட்டைகளை ஏற்றினார்கள். இப்போது டிராக்டரின் முன்சக்கரங்கள் அந்தரத்தில் எழும்பின. முன்னால் எடை வைக்க வேறு ஒன்றும் அகப்படாமல், தராசையே டிராக்டரின் மூக்கில் ஏற்றி உட்காரவைத்தார்கள். தராசு மூக்கில் இருந்தால் பின்னால் நடப்பது எப்படித் தெரியும்?

"நல்லா விழுதா?" என்று கத்தினார்.

"நீங்க விழாம இருங்க!" என்று கத்தினாள் மனைவி.

மதியம் வெயில் ஏறி ஈரம் காய்ந்ததும் கொடி கத்தரித்த மாதிரி வெட்டுப்பட்டது. தட்டு மிஷின்காரர் முகம் மலர்ந்தது.

"காலையில மடிஞ்சுதே?" என்றார் தராசு.

"காலையில ஓட்டாதீங்க."

"காலையிலதானே நான் ஓட்டுவேன்?"

"மேட்டுப் பக்கம் எப்படிப் போகும்னு பார்க்கலியே," என்றாள் மனைவி. "காலையில ஓட்டின இடத்தையும் இன்னொரு தடவை ஓட்டிடுங்க. இவருக்கு வித்தியாசம் புரியணும்."

மேட்டுப் பக்கமும் ஓட்டினார்கள். காலை ஓட்டின இடமும் ஆயிற்று. தராசுக்கு வித்தியாசம் நன்றாகப் புரிந்தது, முடிவுதான் வரவில்லை.

அடுத்து பல்லு மிஷின்காரர். அழுக்குத் தொப்பி, கரகரத்த குரல். மிஷினில் வளைந்த இரும்புப் பற்கள்.

"தட்டா? அது ரொட்டி வெட்டத்தாங்க லாயக்கு," என்றார்.

பல் மண்ணை அழகாகத்தான் திறந்தது. விதை ஈரத்தில் போய்ச் சரியாக உட்கார்ந்தது. ஆனால் இருபது அடி போவதற்குள் அத்தனை கொடியையும் வாரிச் சேர்த்து, மிஷினுக்குள் ஒரு யானை படுத்திருக்கிற மாதிரி ஆகிவிட்டது.

"பயிர் நிக்கறதுதான் தப்பு. உருளை விட்டுப் படுக்க வைங்க," என்றார் பல்லு மிஷின்காரர்.

உருளை எங்கெங்கோ தேடிக் கிடைத்தது. மூடுபயிர் முழுவதையும் நசுக்கிப் படுக்கவைத்தார்கள். பாய் விரித்ததுபோல எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து படுத்தது. பயிர் சாய்ந்த பக்கமாகவே ஓட்டினால் பல் வெண்ணெய்போல ஓடியது. திரும்பி எதிர்ப்பக்கமாக வந்தால் பழைய யானை, குட்டியோடு.

"அப்போ போகும்போது விதைச்சிட்டு, வரும்போது சும்மா வரணுமா?" என்றார் தராசு.

"ஆமா."

"பாதி டீசல் காத்துலயா?"

"ஏங்க, அவர்தான் ஒரு பக்கமா நல்லாப் போகுதுன்னு சொல்றாரே," என்றாள் மனைவி. "வாய்க்கால் வரைக்கும் ஒரு பக்கமாவே ஓட்டிக் காட்டட்டும். நீங்க அந்த வரப்புல உட்கார்ந்து நிதானமா யோசிங்க."

தராசு வரப்பில் உட்கார்ந்து யோசித்தார். டிராக்டர் போயிற்று, சும்மா வந்தது, போயிற்று. மனைவி அடுத்த மூட்டையின் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் அவளே தட்டு மிஷின்காரருக்குப் போன் போட்டாள். "உங்க மிஷின்தான் எனக்குப் பிடிச்சுது தம்பி. என்ன பண்றது, பல்லு மிஷின்காரர் வாய்க்கால் வரைக்கும் ஓட்டிக் காட்டிட்டாரே. இவர் அங்கேயே சாஞ்சுட்டாரு."

"வாய்க்கால் என்னம்மா வாய்க்கால்! நான் அந்த மரம் வரைக்கும் ஓட்டறேன்!"

மறுநாள் மரம் வரை ஓட்டினார். செய்தி எப்படியோ பல்லு மிஷின்காரர் காதுக்குப் போக, அவர் வந்து கிணற்றடிச் சரிவை ஓட்டினார். தட்டு திரும்பி வந்து மூலைமுடுக்கில் வளைந்து காட்டியது. ஒருநாள் லேசாகத் தூறியது. "நனைஞ்ச மண்ணுல பாருங்க," என்று பல் வந்து நின்றது. இரண்டு பேரும் நேருக்கு நேர் பார்த்துக்கொள்ளாமல் மனைவி கொடுத்த டீயை அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்து குடித்தார்கள்.

"நீ எதுக்கு இவங்களை மாத்தி மாத்திக் கூப்பிடறே?" என்று எரிந்துவிழுந்தார் தராசு. "எனக்கு இருந்த கொஞ்சநஞ்சத் தெளிவும் போச்சு. முந்தியாவது ரெண்டுல ஒண்ணுன்னு இருந்துச்சு."

"இப்போ?"

"இப்போ மேட்டுக்குத் தட்டு, சரிவுக்குப் பல்லு, காலையில பல்லு, மத்தியானம் தட்டு."

"நல்லாப் பொறுமையா யோசிங்க. அவசரம் என்ன?"

அவசரம் என்னவா! தம்பி கலப்பையைத் தீட்டிக்கொண்டிருக்கிறான், அக்கா அவசரம் என்ன என்கிறாள். கூடப் பிறந்த பாசம் என்று நினைத்துக்கொண்டு கதவைச் சாத்திக்கொண்டார். அதற்குப் பிறகு வயல் பக்கமே போகவில்லை. மேசையில் இரண்டு கம்பெனிப் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மாற்றி வைத்து, தலைகீழாக வைத்துப் பார்த்தார். ஒரு வாரம் அப்படியே போயிற்று. சாப்பாடு மட்டும் வேளா வேளைக்கு வந்தது. மனைவி பாட்டு முணுமுணுத்துக்கொண்டு தட்டை வைத்தாள். தட்டைப் பார்த்ததும் அவருக்குத் தட்டு மிஷின் ஞாபகம் வந்தது. சோற்றை மெல்லும்போது பல்லு.

அன்று காலை வானம் கருக்கொண்டு இறங்கியது. ரேடியோவில் பெரிய மழை என்றார்கள். தராசு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"முடிவு பண்ணிட்டேன்!"

"என்ன?"

"தட்டு." இரண்டு மூச்சு விட்டார். "ஈரம் இருக்கும்ல? அப்போ பல்லு."

வாசலில் டிராக்டர் உறுமியது. மச்சான் மேலே தொற்றிக்கொண்டு வந்தான். பின்னால் கலப்பை. ஓட்டிவந்தவன் காதில் துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"மாமா, மிஷின் எங்கே?"

"இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள..."

"மழை மத்தியானமே வந்துடும் மாமா."

தராசு ஓடிப்போய் வயல் வாசலில் கையை விரித்துக்கொண்டு நின்றார். படுத்துக் காய்ந்த மூடுபயிர், மெத்தைபோல, கண்ணுக்கு எட்டின மட்டும். அதன் மேல் ஒரு தடமும் இல்லை. அடியில் அவருடைய மண்புழுக்கள், இன்னும் கொஞ்ச நேரத்தில் நடக்கப்போவது தெரியாமல். மனைவியைப் பார்த்தார். அவள் பிளாஸ்க்கைத் திறந்து நிதானமாக டீ ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"நீயாவது உன் தம்பிகிட்ட ஒரு வார்த்தை சொல்லேன்."

"வார்த்தை கொடுத்தது நீங்க. சாட்சி நான். சாட்சி பேச்சு மாறலாமா?"

தராசு கையைக் கீழே போட்டார். "சரி மச்சான். சொன்னா சொன்னதுதான். தப்பு என் மேல. இறக்கிக்கோ."

மச்சானுக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. "வருத்தப்படாதீங்க மாமா. அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்," என்றான்.

டிராக்டர் வயலுக்குள் போனது. "தம்பி!" என்று மனைவி டிராக்டர்காரனைக் கூப்பிட்டாள். "கலப்பையை இறக்கறதுக்கு முன்னாடி காய்ஞ்ச தழையை விலக்கிக் கொஞ்சம் மண்ணைப் பார்த்துக்கப்பா. கல்லு கில்லு இருக்கப்போகுது. மேட்டுல, சரிவுல, கிணத்தடில, எல்லாப் பக்கமும் பாரு."

அவன் இறங்கினான். குனிந்து தழையை விலக்கினான். நிமிர்ந்தான். நாலு எட்டு தள்ளிப் போய் விலக்கினான். மேட்டுக்கு ஏறினான், சரிவில் இறங்கினான், கிணற்றடியில் போய்க் குந்தி உட்கார்ந்து பார்த்தான். அப்புறம் காதிலிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, மச்சானைப் பார்த்துக் கத்தினான்.

"அண்ணே, இந்தக் கோடிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் வரிசை வரிசையா மக்காச்சோளம் முளைச்சு நிக்குது, நான் கலப்பையை எங்கே இறக்கறது?"